அத்தையின் பிரெஞ்சுக் கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டில் பிரெஞ்சு தெரிந்தவை இரண்டு. ஒன்று அத்தையின் கம்ப்யூட்டர், இன்னொன்று நான். நானாவது பள்ளிக்கூடத்தில் மார்க்குக்காகப் படித்தேன். கம்ப்யூட்டருக்கு வேறு பாஷையே தெரியாது.

எங்களுடையது ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர். உப்பளம் பேட்டையில் எங்கள் தெருவில் பாதிப் பேர் பிரான்சில் இருந்தார்கள். லீவுக்கு வருவார்கள், பெரிய மார்க்கெட்டில் கருவாடும் மிளகாய்த்தூளும் வாங்கிப் பெட்டி கட்டிக்கொண்டு போவார்கள். எங்கள் வீட்டில்தான் யாருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. அதனால் அப்பாவின் தங்கைக்குப் பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருந்த மாப்பிள்ளை அமைந்தபோது, வீடே விமானத்தில் ஏறிவிட்டதாக எல்லோருக்கும் ஒரு மிதப்பு. மாமா கல்யாணம் முடிந்து கொஞ்ச நாள் இருந்தார். பேப்பர் எல்லாம் சரிபண்ணி அத்தையைக் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். பேப்பருக்கு முன்னால் கம்ப்யூட்டர் வந்தது. ஊருக்கு வந்த யாரோ ஒருவர் கையில் பெட்டி, ஒரு சின்ன கேமரா, கம்ப்யூட்டரை இயக்கும் ஓ.எஸ். இருந்த ஒரு டிஸ்க் எல்லாம் கொடுத்தனுப்பியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் அத்தை தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு கேமராவுக்கு முன்னால் உட்காருவாள். மாமாவின் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தால் அவர் இருக்கிறார் என்று அர்த்தம். சாம்பல் நிறமானால் இல்லை. மற்ற நாட்களில் திரையில் இருந்த வார்த்தைகளை என்னிடம் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தாள். தெமாரே என்றால் தொடங்கு. ஆனுலே என்றால் ரத்து செய்.

"அங்க போனா கடையில கிடையில கேக்கணும்ல" என்பாள். எந்தக் கடையில் போய் ரத்து செய் என்று கேட்பாள் என்று யோசிக்க எனக்கும் தோன்றவில்லை.

பிறகு மாமாவுக்கு ஞாயிற்றுக்கிழமையும் டூட்டி வந்தது. ஒரு வாரம் வந்தார், மறு வாரம் வரவில்லை. அப்புறம் வராத வாரங்களே அதிகமாயின. அந்தச் சமயம் பார்த்து கம்ப்யூட்டருக்கு வைரஸ் வந்தது. ஆன் செய்து நெட் கனெக்ட் ஆனதும் திரையில் ஒரு சின்ன பெட்டி எழும்பும். ஒரு நிமிடத்தில் மூடப்போகிறேன் என்று விநாடிகளை எண்ணிவிட்டு, சொன்ன சொல் தவறாமல் அணைந்துபோகும். அத்தை அந்த ஒரு நிமிடத்துக்காகவும் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கம்ப்யூட்டர் சித்தப்பாவிடம் போனது. சித்தப்பா அத்தைக்குத் தம்பி. உழவர்கரையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை. வீட்டில் அவருக்குப் பெரிய மரியாதை கிடையாது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஓ.எஸ்.ஸைப் புதிதாகப் போட்டார். ஆனால் வைரஸைத் தடுக்கும் சர்வீஸ் பேக்கை நெட்டிலிருந்து இறக்க வேண்டியிருந்தது. அது இறங்கி முடிப்பதற்குள் அதே நெட் வழியாக வைரஸ் உள்ளே வந்துவிட்டது. கதவு மாட்ட ஆசாரியைக் கூப்பிடப் போன நேரத்தில் திருடன் வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்துகொண்ட கதைதான். இதற்கு ஒரே வழி, சர்வீஸ் பேக்கை முன்கூட்டியே டிஸ்க்குக்குள் சேர்த்துப் புது டிஸ்க் அடிப்பது. அப்போது ஓ.எஸ். போடும்போதே கதவோடு எழும்பும்.

சித்தப்பாவிடம் இருந்தது இங்கிலீஷ் சர்வீஸ் பேக். பிரெஞ்சு டிஸ்க்கோடு அது சேரவில்லை. இரண்டும் வேறு வேறு மொழி, முடியாது என்று முகத்தில் அடித்தது போல் திரை சொல்லிவிட்டது.

"இங்கிலீஷ் ஓ.எஸ்ஸே போட்டுடறன்கா. ஒண்ணும் வித்தியாசம் இருக்காது."

"வேணாம்" என்றாள் அத்தை. "அவரு எப்டி அனுப்புனாரோ அப்டியே இருக்கட்டும். நான் கத்துக்கினு இருக்கன்ல."

ஆகவே பிரெஞ்சு சர்வீஸ் பேக்கைத் தேட வேண்டியதாயிற்று. அந்தப் பக்கங்களைப் படித்துச் சொல்ல சனிக்கிழமைகளில் சித்தப்பா என்னைக் கடைக்கு அழைத்துப் போனார். எனக்கு அதில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. காலையில் இறக்க ஆரம்பித்தால் சாயங்காலம் முடியும் தறுவாயில் லைன் அறுந்துபோகும். அது ஒருவழியாக இறங்கி, டிஸ்க்கோடு சேர்ந்த பிறகும் சித்தப்பா அடித்த டிஸ்க்குகள் எழும்பவில்லை. கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. வீணான டிஸ்க்குகளை அம்மா நூலில் கட்டி, மொட்டைமாடி வற்றலுக்குக் காக்காய் விரட்டத் தொங்கவிட்டாள்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை டிஸ்க் எழும்பிவிட்டது. நான் ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொல்ல, சித்தப்பா ஓ.எஸ். போட்டார். நெட் வயரைச் செருகினார். நிமிடங்கள் போயின. கம்ப்யூட்டர் அணையவில்லை. சோதித்துப் பார்க்க அத்தையின் பெயரில் உள்ளே போனார். மாமாவின் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"சித்தப்பா, மாமா இருக்காரு" என்று குதித்தேன்.

சித்தப்பாவுக்கும் முகமெல்லாம் சிரிப்பு. கம்ப்யூட்டர் சரியாகிவிட்டது, நாளைக்கு அக்கா பேசும் என்று அடித்து அனுப்பினார். அனுப்பி ஒரு மூச்சு விட்டிருப்போம், பச்சை விளக்கு சாம்பலாகிவிட்டது. சித்தப்பா திரும்பவும் எழுதினார். பதில் இல்லை.

"நெட்டு போயிடுச்சா?" என்று கேட்டேன்.

மோடம் விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டுதான் இருந்தன. சித்தப்பா அவற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆமாம்மா, போயிடுச்சு" என்றார்.

அன்று கம்ப்யூட்டர் வீட்டுக்கு வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. இன்னொரு டிஸ்க் அடிக்க வேண்டும், ஏதோ ஒரு ஃபைல் சரியாகச் சேரவில்லை என்று சித்தப்பா வீட்டில் சொன்னார். எழும்பிய டிஸ்க்கைக் கண்ணால் பார்த்த எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்பா சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலேயே அவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு டிஸ்க்கு அடிக்க துப்பில்ல, இதுல ஹார்டுவேர் படிச்சாராம். உங்கக்கா இன்னா நினைச்சிக்கினு கீது பாரு."

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தார். சாப்பிடவில்லை. டிஸ்க் எழும்பியதைச் சொல்லக்கூடத் தெரியாத கையாலாகாதவர் என்று நானும் முடிவு கட்டிவிட்டேன்.

கடைசியில் அப்பாவே கடைக்குப் போய், ஆட்டோவில் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அத்தை கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவை உடுத்தி உட்கார்ந்தாள். தெமாரே என்று வாய்விட்டுச் சொல்லி அழுத்தினாள். எல்லாம் ஒழுங்காக எழும்பியது. மாமாவின் பெயர் வந்தது. பச்சையாக இருந்தது. அத்தை கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் சாம்பலாகிவிட்டது.

நான் வெளியே விளையாடிவிட்டு வந்தபோதும் அத்தை அதே இடத்தில் இருந்தாள். சித்தப்பா கதவருகில் நின்றிருந்தார்.

"தம்பி, இது இன்னும் சரியாவலடா" என்றாள் அத்தை.

"ஆமாக்கா. டிஸ்க்ல ஏதோ சேரல."

"எடுத்துக்கினு போ. மெதுவாவே பண்ணு. அவசரம் இல்ல."

அவளே எழுந்து கேமரா வயரைச் சுற்றி, ஒரு பழைய துணியில் பொதிந்து கொடுத்தாள். சித்தப்பா கம்ப்யூட்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவள் முகத்தைப் பாராமல் இறங்கினார். நல்லாத்தானே ஓடுது, நல்லாத்தானே ஓடுது என்று சொல்லிக்கொண்டே தெருமுனை வரைக்கும் அவர் பின்னாலேயே ஓடினேன்.