அக்கா ஒரு கிலோ அரிசி வாங்கிய நாள்

ஜுனைதீன் நானா எனக்கு போனில் கோல் எடுத்தபோது நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மாத்தளைக் கடைத்தெருவில் எங்கள் குடும்பத்துக்கு அரிசி, பருப்பு எல்லாம் அவர் கடையில்தான். ஏதோ சாவுச் செய்தி சொல்கிறவரைப் போல குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"தங்கச்சி, தப்பா நெனக்காதீங்க. அழகாயி அக்கா இப்பதான் வந்துட்டுப் போறாங்க. ஒரு கிலோ அரிசி வாங்கினாங்க."

"ஒரு மூட்டையா?"

"ஒரு கிலோ. ஒரு தேங்காய். நாலு முட்டை. ஊட்டுல ஏதும் பிரச்சினையா?"

கையிலிருந்த ஈரத் துணியை அப்படியே வாளியில் போட்டேன். என் அக்கா மூட்டைக்குக் குறைவாக அரிசி வாங்கி நான் பார்த்ததே கிடையாது. அவள் வீடு கோவிலுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அதுதான் அவள் செய்த பாவம். தேர் பார்க்க வருகிறவர்கள், ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்க்க வருகிறவர்கள், கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்கள், தவறவிட்டதாகச் சொல்கிறவர்கள் எல்லாரும் அங்கேதான் இறங்குவார்கள். தேயிலைத் தோட்டத்துச் சொந்தங்கள் பையை அவள் வாசலில் வைத்துவிட்டுத்தான் மற்ற வேலைக்கே போவார்கள். நானும் சும்மா இல்லை, வாரத்தில் பாதி நாள் எனக்கு அங்கேதான் சாப்பாடு. அக்கா தையல் மெஷினில் குனிந்தபடியே "சாப்பிட்டியா?" என்று கேட்பாள். நாம் பதில் சொல்வதற்குள் எழுந்து அடுப்படிக்குப் போயிருப்பாள்.

கல்யாணம் முடிந்த அன்றைக்குக்கூட அவளுக்கு அந்த வீட்டில் ஒரு அறை கிடைக்கவில்லை. கல்யாணத்துக்கு வந்த பெரியம்மா ஒருத்தி இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று அவர்களுக்கு ஒதுக்கிய அறைக் கட்டிலில் படுத்தவள், ஒரு மாதம் கழித்துத்தான் எழுந்தாள். அக்கா அடுப்படியில் படுத்தாள். அவள் புருஷன் விஜேந்திரன் மாமா, தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றிவருகிற தன் லொறியில் படுத்தார். இருபத்தைந்து வருஷமாக இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம். அக்காவும் எங்களோடு சேர்ந்து சிரிப்பாள்.

அப்படிப்பட்டவள் ஒரு கிலோ அரிசி வாங்கினால் என்ன நினைப்பது? ஓடினேன். வீடு பூட்டியிருந்தது. அந்த வீட்டுக்குப் பூட்டு ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கொழும்பில் வேலை செய்யும் அவள் மகன் தனுஜனுக்கு கோல் எடுத்தேன். கொஞ்சம் அதட்டியதும் கக்கிவிட்டான்.

"சின்னம்மா, யார்கிட்டயும் சொல்லிறாதீங்க. இருபத்தஞ்சாவது கல்யாண நாளுக்கு நான்தான் ஏற்பாடு பண்ணினேன். யானையெல்லாம் இருக்கிற வஸ்கமுவ பார்க்குக்குள்ள வெள்ளக்காரன் காலத்து பங்களா ஒண்ணு இருக்கு. சாமான் நாம கொண்டு போனா கீப்பர் சமைச்சுக் குடுப்பாரு. ரெண்டு நாள் அவங்க ரெண்டு பேரும் மட்டும் இருக்கணும்னு அம்மாவுக்கு ஆசை."

யாரிடமும் சொல்லாதே என்றால் நான் சொல்லமாட்டேன். தம்பி துஷாந்திடம் மட்டும்தான் சொன்னேன், அவனிடம்தான் வேன் இருக்கிறது. மறுநாள் காலையில் அந்த வேனில் கால் வைக்க இடமில்லை. பாய், அண்டா, டோலக், ஒரு பெரிய சட்டி கோழிக்கறி, அதற்கு நடுவே சொந்தக்காரர்கள் நாங்கள் அத்தனை பேரும். பூரிப்பில் நாவுல டவுன் வரைக்கும் பாட்டு ஓயவில்லை. எனக்கு மட்டும் உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தது. கூடப்பிறந்தவளுக்குச் சொல்லாமல் போவாளா? போய் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும், அப்படியே யானையும் பார்க்க வேண்டும்.

பார்க் வாசலில் மறித்துவிட்டார்கள். பங்களா எடுத்தவர்கள் சம்மதித்தால்தான் உள்ளே போகலாம், ஒருவர் வேண்டுமானால் ஜீப்பில் போய்க் கேட்டு வரலாம் என்று வாசலில் இருந்தவர் சிங்களத்தில் சொன்னார். எங்களுக்கு ஒரு கவலையும் இல்லை. அக்கா தலையாட்டினால் போதும், இன்றுவரை அவள் யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. கோழிச் சட்டியோடு என்னை ஏற்றி அனுப்பினார்கள்.

வேட்டைக்கு வந்த துரைமார் கட்டிய பங்களா. கனத்த சுவர், தாழ இறங்கிய ஓட்டுக் கூரை, எதிரே ஆறு. விறாந்தையில் நீளக் கை வைத்த பழைய சாய்வு நாற்காலி ஒன்று. துரைமார் கால் நீட்டுவதற்கென்றே செய்த அந்தக் கைகளின் மேல் ஒரு பொம்பளை இரண்டு கால்களையும் தூக்கிப் போட்டுக்கொண்டு, தலைமுடியை விரித்துவிட்டு, மாங்காயை உப்புத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். அது என் அக்கா என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கூரைமேல் ஒரு குரங்கு மாமாவின் பெனியனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மாமா கீழே நின்று அதனிடம் சிங்களத்தில் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"தமிழ்ல கேட்டுப் பாருங்க," என்றாள் அக்கா. "நம்ம மாத்தளக் குரங்கா இருந்தாலும் இருக்கும்."

சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாங்காய் உருண்டு ஓடியது. மாமாவும் சிரித்தார். அந்த மனிதருக்கு அத்தனை பல் இருப்பதை நான் பார்த்ததேயில்லை.

அப்போதுதான் அக்கா என்னைக் கண்டாள். சிரிப்பு நின்றது. கால்கள் இரண்டும் கீழே இறங்கின. கை தானாகவே முடியை அள்ளி முடிந்தது.

"சாப்பிட்டியா?" என்றாள். அதற்குள் பாதி எழுந்தும்விட்டாள். என் கையிலிருந்த சட்டியைப் பார்த்தாள், ஜீப் வந்த பாதையைப் பார்த்தாள். "எத்தன பேர் வந்திருக்கீங்க? ஐயோ, அரிசி போதாதே."

நான் கொண்டுவந்த நாலு கேள்வியும் போன இடம் தெரியவில்லை. எத்தனையோ தடவை அந்த "சாப்பிட்டியா"வைக் கேட்டு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். கேட்கும்போது அவள் முகம் எப்படிப் போகிறது என்று அன்றைக்குத்தான் நேருக்கு நேர் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது.

"ஒக்காரு. நான் மட்டுந்தான் வந்தேன். கல்யாண நாளாச்சேன்னு கோழி கொண்டாந்தேன். இப்பவே போயிருவேன்."

"நெசமாவா?"

"நெசமா."

மெதுவாக உட்கார்ந்தாள். ஒரு காலைத் தூக்கிப் போட்டாள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மற்றக் காலையும் போட்டாள்.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் குளியலறையைக் காட்டினாள். ஒரு ஆள் நீட்டிப் படுக்கலாம், அத்தனை பெரிய இரும்புத் தொட்டி. "காலையிலேருந்து ரெண்டு வாட்டி குளிச்சிட்டேன். ஒருத்தரும் கதவத் தட்டல புள்ள." கீப்பர் தட்டில் தேத்தண்ணி கொண்டுவந்தார். அவர் வருவதைக் கண்டதுமே அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "பாரு பாரு, கொண்டாந்து கையில தர்றாரு." அவர் போகிற வரைக்கும் சேலை முந்தானைக்குப் பதிலாக மாமாவின் துண்டால் வாயை மூடிக்கொண்டாள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் யானைகள் இறங்கின. குட்டி ஒன்று சேற்றில் சறுக்கி அம்மா காலில் போய் முட்டியது. அக்கா என் தோளில் அடித்து அடித்துச் சிரித்தாள். மாமா பெனியனை மறந்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இனிமேலும் அங்கே நிற்பது மரியாதையில்லை என்று எனக்கே பட்டது. ஜீப்பில் ஏறிவிட்டேன்.

வாசலில் எல்லாரும் அண்டாவைக் கீழே இறக்கித் தயாராக நின்றார்கள்.

"ஒத்த யானை பாதையில நிக்கிது. ஒருத்தரும் உள்ள போக ஏலாது," என்றேன்.

"கோழிச் சட்டி எங்கக்கா?" என்றான் துஷாந்த்.

"அதையும் யானைதான்."

யானை கோழி தின்னுமா என்று ஒருத்தர் வாயிலும் வரவில்லை. அத்தனை பயம். பல்லேகமப் பக்கம் ஒரு வாய்க்காலில் குளித்து, கடையில் பணிஸ் வாங்கித் தின்று, டோலக் அடித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தோம்.

அக்கா திரும்பி வந்த அன்று அவள் வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பார்க் கேட்டுல இருந்த ஐயா சொன்னாரு. வேன் நெறைய ஆளாம். டோலக்கெல்லாம் இருந்துச்சாம்."

நான் நிமிரவில்லை. கண்ணில் தண்ணீர் வருவதற்கு வெங்காயம் இருந்தது நல்லதாகப் போயிற்று. அவள் என் கையிலிருந்த கத்தியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போதும் எப்போதாவது ஜுனைதீன் நானா கோல் எடுப்பார். "தங்கச்சி, அக்கா ஒரு கிலோ அரிசி வாங்கிட்டாங்க" என்பார், கல்யாணச் செய்தி சொல்கிற குரலில். நான் நாலு உடுப்பைப் பையில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன். அவர்கள் இரண்டு பேரும் திரும்பும் வரைக்கும், வருகிறவர்களைச் சாப்பிட்டீர்களா என்று கேட்க அங்கே ஒரு ஆள் வேண்டுமே.