வாய் அண்ணியுடையது, குரல் நாத்தனாருடையது

நாடக மேடையில் மாமியார், நீதிபதி, பைத்தியக்காரி என்று எந்த வேடம் கொடுத்தாலும் அண்ணி ஒரு கை பார்த்துவிடுவாள். கரகரத்த குரல், கடைசி வரிசையையும் பிடித்து உலுக்கும். அதைப் பார்த்துத்தான் சினிமாவுக்கே கூப்பிட்டார்கள். முதல் படத்தில் கதாநாயகனின் அம்மா. எடுத்ததைப் போட்டுப் பார்த்த டைரக்டர் முகத்தைச் சுளித்தார்.

"முகம் அம்மா மாதிரி இருக்கு. குரல் லாரி டிரைவர் மாதிரில்ல இருக்கு!"

துணைக்கு வந்திருந்த நாத்தனார், சும்மா இருக்காமல், "நான் வேணா பேசிப் பாக்கட்டுமா சார்?" என்று கேட்டு வைத்தாள். தேனாய்க் குழைந்த குரல். அன்றைக்குப் பிடித்தது சனி.

அதற்குப் பிறகு எல்லாப் படத்திலும் வாய் அண்ணியுடையது, குரல் நாத்தனாருடையது. ஒரே வீட்டில் மாடியும் கீழுமாக இருந்தும் இருவருக்கும் முகம்கொடுத்துப் பேச்சில்லை. அண்ணி கடைக்குப் போய் வாயைத் திறந்தால், "தொண்டை கட்டிக்கிச்சாம்மா?" என்பார் கடைக்காரர். டிவி பேட்டி ஒன்றில் நாத்தனார், "அண்ணி வாயை அசைப்பாங்க, உயிர் குடுக்கிறது நான்தான்" என்று சிரித்தாள். அண்ணி டிவியை அணைத்துவிட்டுக் கணவன் பக்கம் திரும்பினாள்.

"உங்க தங்கச்சிகிட்ட சொல்லி வைங்க. என் வாய் இல்லன்னா அவ ஸ்டேஷன்ல ரயில் வர்றதைத்தான் அறிவிக்கணும்."

அவன் செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

அப்போதுதான் வாய் பேச முடியாத ஒருத்தியின் வேடம் வந்தது. கதையை முழுதாகக் கேட்காமலே அண்ணி ஒப்புக்கொண்டாள். 'இப்ப எதைப் பேசுவா, பாக்கலாம்!' மகனின் பிணத்தைப் பார்த்து அவள் கதறியபோது லைட் போடுகிறவர்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஆனால் அந்தக் கதறலோடு ஜெனரேட்டர் சத்தமும் பதிவாகியிருந்தது. டைரக்டர் வழக்கம்போல நாத்தனாரைக் கூப்பிட்டு அனுப்பினார். மேக்கப்காரி வாய்தவறிச் சொல்ல, அண்ணி டப்பிங் தியேட்டருக்கு ஓடினாள். உள்ளே நாத்தனார் அழுதுகொண்டிருந்தாள். அடித்தொண்டையில் தொடங்கி, விக்கி, மூச்சு அறுந்து நிற்கும் அழுகை. அண்ணி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"இதை எங்கடி புடிச்ச?"

"உங்கம்மா தவறினப்ப அழுதீங்களே அண்ணி. அப்படியே மனசுல நின்னுடுச்சு."

பளாரென்று ஓர் அறை. ஹெட்போன் தெறித்து விழுந்தது.

"எங்கம்மாவுக்கு அழுததையுமா திருடுவ?"

நாத்தனார் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "என்னைக் கூப்பிட்டாங்க, வந்தேன். உங்களைக் கூப்பிடலன்னா அதுக்கு நானா பொறுப்பு?"

அண்ணி டைரக்டரைப் பார்த்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அந்த அழுகையோடுதான் படம் வந்தது. அழுகையை ஊரே புகழ்ந்தது. நாத்தனார் முகத்தில் விழிக்காமல் இருக்க, அண்ணி வீட்டுக்கு வெளிப்புறமாக மாடிப்படி கட்டவைத்தாள். சினிமாவுக்கு முழுக்குப் போட்டுவிட்டு நாடகத்துக்கே திரும்பினாள். முதல் வசனத்திலேயே கூட்டம் சலசலத்தது.

"டப்பிங்கைக் கூப்பிடுங்கப்பா!" என்று ஒருவன் கத்தினான்.

அவள் வசனத்தை நிறுத்திவிட்டு மேடை விளிம்புக்கு வந்தாள்.

"எந்திரிச்சு வெளிய போடா."

அவன் இளித்தான். அவள் அசையவில்லை. இளிப்பு வற்றி, பக்கத்தில் இருந்தவர்கள் திட்டத் தொடங்கி, அவன் எழுந்து வாசலைத் தாண்டும்வரை அடுத்த வசனத்தைச் சொல்லவே இல்லை.