மைக் செட்டுக்குப் போன பேட்டரி

திருத்துறைப்பூண்டி கடைவீதியில் நின்று மோட்டார் சைக்கிளின் கிக்கரை மிதித்து மிதித்துக் கால் கடுக்கிறது. நேற்றுக் காலையில் சார்ஜ் போடக் கொடுத்த பேட்டரியை இப்போதுதான் வாங்கி மாட்டினேன். ஹாரன் சளி பிடித்த ஆடு மாதிரி முனகுகிறது. பிளக்கைத் துடைத்தாயிற்று, பாயிண்டை உரசியாயிற்று, டைனமோவின் கார்பனைக்கூடக் கழற்றிப் பார்த்தாயிற்று. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. தென்கரைப் பண்ணையில் அறுப்புக்கூலிப் பேச்சுவார்த்தை தொடங்கியிருக்கும். பண்ணை என் மாமாவுடையது. அவர் பக்கம் பேச நான் போயாக வேண்டும்.

சார்ஜ் கடைக்காரர் டீ கிளாசோடு வந்து எட்டிப் பார்க்கிறார்.

“சார்ஜ் ஏத்துனீங்களா, இல்லையா?”

“ஏத்தாம இருப்பேனா சார்? ஃபுல்லா ஏறுச்சு. நேத்து சாயங்காலம் விவசாயக் கூலிச் சங்கக் கூட்டத்துல கரண்டு போயிடுச்சு. உங்களோடதையும் என்னோடதையும் சேத்துக் கட்டித்தான் மைக் செட்டை ஓட்டுனோம்.”

“யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?”

“சங்கத்துக்குக் குடுக்கக் கேக்கணுமா சார்?”

கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் போடுகிறேன்.

“இதுல எனக்கு என்னய்யா லாபம்?”

“அப்புடிச் சொல்லாதீங்க. தென்கரைப் பண்ணையக் கிழிகிழின்னு கிழிச்சாங்க. ஒரு வார்த்தை கரகரக்கலையே! அருமையான பேட்டரி சார்.”