கடைசிப் பந்தி

அண்ணி சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஏ4 தாள் ஒன்றை எட்டாக மடித்து, நடுவில் பிளேடால் ஒரு கோடு கிழிப்பார். பிரித்து மறுபடி மடித்தால் உள்ளங்கை அளவில் ஒரு பத்திரிகை வந்துவிடும். தைக்க வேண்டாம், ஒட்டவும் வேண்டாம். கையால் எழுதிப் படம் வரைந்ததை பாபநாசம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் எடுத்து வந்து, ஒவ்வொரு பிரதிக்கும் ஸ்கெட்ச் பேனாவால் வண்ணம் போடுவார். நடவுக்கு வந்த பெண்கள் வரப்பில் உட்கார்ந்து பேசியது, வாய்க்கால் தண்ணீருக்கு நடந்த சண்டை, தையல்கார அக்கா சொன்ன கதை என்று அதில் ஏதாவது இருக்கும். படிக்கத் தெரியாதவர்கள் படத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். அண்ணன் அப்போது சிங்கப்பூரில் இருந்தார். அப்பாவுக்கு அது மருமகளின் பொழுதுபோக்கு, கோலம் போடுகிற மாதிரி ஒன்று. அதனால் வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை.

என் வளைகாப்பு எங்கள் வீட்டில்தான் நடந்தது. அண்ணி அதற்கென்று தனியாக ஓர் இதழ் செய்தார். "ஒரு தடவையாவது இது எல்லா வீட்டுக்கும் போவணும்" என்று சொல்லி, தாம்பூலப் பைகளில் வெற்றிலை பாக்கு, வளையலோடு ஆளுக்கொன்று வைத்தார். பக்கத்துக்கு ஒரு சாப்பாட்டு இலை வரைந்திருந்தார். எல்லாம் எங்கள் வீட்டு இலைகள், நாங்கள் உட்காரும் வரிசைப்படி. முதலில் அப்பாவின் இலை, வஞ்சிரத் துண்டு நிரம்பி வழிந்தது. வயிற்றில் பிள்ளை இருந்ததால் எனக்குப் பதவி உயர்வு, அப்பாவுக்கு அடுத்த இலை. பக்கம் திருப்பத் திருப்ப இலை காலியாகிக்கொண்டே வந்தது. கடைசிப் பக்கத்தில் அண்ணியின் தட்டு. அதன் கீழே ஒரே வரி: "மீன் குழம்பு வைத்தேன். எனக்குக் குழம்பு கிடைத்தது."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பெண்களும் சிரித்தார்கள். ஆனால் பை வீட்டுக்குப் போனால் ஆண்களும் பிரிப்பார்கள் இல்லையா? மறுநாள் காலையிலேயே அத்தை வீட்டுக்காரர் வந்து வாசலில் நின்று கேட்டார்: "என்ன மச்சான், மருமவளுக்குச் சோறு போடுறதில்லையாமே?" அப்பா உள்ளே வந்து அண்ணனுக்குப் போன் போட்டார். அண்ணன் அண்ணியிடம் கத்தக்கூட இல்லை. "வீடு வீடாப் போயி எல்லாத்தையும் திருப்பி வாங்கிட்டு வந்துடு. அப்பா மனசு கஷ்டப்படக் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

தாம்பூலத்தில் வைத்துக் கொடுத்ததை எங்கள் பக்கம் யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அதைவிடக் கேவலம் ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நிறைமாத வயிற்றோடு நானும் கூடப் போனேன். ஒவ்வொரு வாசலிலும் அண்ணி, "தப்பா நெனச்சுக்காதீங்க, அந்தப் புஸ்தகத்தை மட்டும் குடுத்துடுங்க" என்றார். சிலர் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்கள். ஒரு சித்தி, "அது எங்கயோ போயிடுச்சு கண்ணு" என்றார். காலண்டருக்குப் பின்னால் அது துருத்திக்கொண்டிருந்ததை மூன்று பேரும் பார்த்தோம். அண்ணி அங்கே மட்டும் இரண்டாம் முறை கேட்கவில்லை. மற்றவையெல்லாம் வெந்நீர் அடுப்புக்குப் போயின. அந்த வெந்நீரில்தான் அப்பா குளித்தார்.

அதற்குப் பிறகு அண்ணி தாளைத் தொடவே இல்லை. அப்பா போய்விட்டார். அண்ணன் ஊரோடு வந்துவிட்டார், இப்போது மேடைகளில் பெண்கள் முன்னேற்றம் பேசுகிறார். போன பொங்கலுக்கு நாங்கள் அங்கே போயிருந்தபோது, என் மகள் தஞ்சாவூர்க் கல்லூரிப் பயிலரங்கில் தான் செய்த குட்டிப் பத்திரிகையை எல்லோருக்கும் காட்டினாள். 'மேகஸீன்' என்பதைச் சுருக்கி அதற்கு 'ஸீன்' என்று பெயராம். அதை வைத்து என்ன வேண்டுமானாலும் சொல்லலாமாம்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்தார். "இதென்ன பிரமாதம்! அந்தக் காலத்துலயே நம்ம வீட்டுல உங்க அத்தை பண்ணுனதுதான். நான் எதுக்கும் தடை சொன்னதில்லை. கேட்டுப் பாரு."

மகள் கண்களை விரித்துக்கொண்டு திரும்பினாள். அண்ணி அண்ணனின் இலையில் இன்னொரு துண்டு மீனை வைத்தார்.

"நானா? இல்லம்மா. மாமா வேற யாரையோ சொல்றாங்க."