ஒளிவட்டம் இட்ட கை

ஒருவர் இறந்து முப்பத்தொன்றாம் நாளன்று அவருடைய படத்தையும் வாழ்க்கைக் குறிப்பையும் இரங்கற் பாக்களையும் சிறுநூலாக அச்சிட்டு உறவினர்க்கு வழங்குவது எங்கள் வழக்கம். அந்நூலைக் கல்வெட்டு என்போம். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், திருகோணமலைத் துறைமுகத்துக்கு அண்மையிலிருந்த என் வீட்டு முன்னறையில் கல்வெட்டுகளை யாத்து, கணினியில் வடிவமைத்துக் கொடுத்துவந்தேன். என் பாக்களில் எவரும் பிழை காண இயலாது என்ற செருக்கு எனக்கு முன்பே இருந்தது. பின்னர்ப் படங்களிலும் அச்செருக்கு வந்து சேர்ந்தது.

அதற்குக் காரணம் செருகுநிரல்கள். ஒளிப்படம் திருத்தும் மென்பொருள் தன்னளவில் சில பணிகளையே செய்யும். பிறர் எழுதிய சிறு நிரல்களை அதற்குரிய கோப்புறையில் இட்டு, மென்பொருளை மூடித் திறந்தால், பட்டியலின் அடியில் புதிய வடிகட்டிகள் தோன்றும். கணினிக் கடைக்காரர் ஒருவர் அத்தகையவற்றை ஓர் இறுவட்டு நிறையத் தந்தார். நான் தேர்ந்தவை மூன்று. ஒன்று தூசையும் கீறலையும் நீக்கும். ஒன்று தோலை மழமழப்பாக்கும். மூன்றாவது, தலையைச் சூழ வெண்ணொளி பரப்பி, படத்தின் ஓரங்களை முகில்போலக் கரைக்கும். அதற்கு ஒளிவட்டம் எனப் பெயரிட்டேன். நான் செய்த கல்வெட்டுகளின் அட்டைகள் யாவும் அவ்வொளியோடுதான் வெளிவந்தன. நாளடைவில் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக இயக்கும்படி ஒரே விசையில் பதிந்து வைத்தேன். விசையை அழுத்திவிட்டுத் தேநீர் அருந்தலாம்.

குடாவின் மறுகரையிலுள்ள சம்பூரின் மக்கள் போரினால் இடம்பெயர்ந்த ஆண்டில், அவ்வூர்ப் பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள். நகரில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தாள். பொலித்தீன் பையிலிருந்து குடும்ப அட்டையை எடுத்து, அதனுள் வைத்திருந்த கணவனின் படத்தை நீட்டினாள். நெற்றியின் குறுக்கே மடிப்பு விழுந்திருந்தது, ஓரத்தில் நீர்க்கறை.

“மாஸ்டர், உங்களிட்டக் குடுத்தால் வடிவாச் செய்து தருவியள் எண்டு சொன்னவை. நாலு கொப்பி வேணும். காணாமப்போன ஆக்களின்ர விண்ணப்பத்தில ஒட்டவேணுமாம்.”

“எங்கை வச்சுக் காணாமப் போனவர்?”

“நாங்கள் வெளிக்கிட்டு நடந்து வரேக்க, மாட்டை அவிட்டுவிட்டிட்டு ஓடி வாறன், நீ பிள்ளையளோட நட எண்டு திரும்பிப் போனவர்.”

படத்தைக் கணினிக்குள் பதிந்துகொண்டு அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். நாளை வரச் சொன்னேன். அன்று மாலை அந்தப் படத்தைத் திறந்து, என் விரல் வழமையாகச் செல்லும் விசையை அழுத்தினேன். திரையில் வந்த முகத்தைப் பார்த்தேன். மடிப்பு இல்லை, கறை இல்லை. அழகாக வந்திருக்கிறது என்று மட்டுமே எண்ணினேன். நான்கு படிகளை அச்சிட்டு உறையிலிட்டேன்.

மறுநாள் காலை, அயலவர் ஒருவர் தம் மாமியாரின் கல்வெட்டைப் பார்வையிட வந்து கதிரையில் அமர்ந்திருந்தார். அவருக்கு அந்த விசையைப் பெருமையோடு இயக்கிக் காட்டினேன்.

“மாஸ்டர், மாமி உயிரோட இருக்கேக்க இவ்வளவு வடிவில்லை. இந்த முகமெண்டால் நான் ஒருநாளும் சண்டை பிடிச்சிருக்க மாட்டன்” என்று சிரித்தார்.

அப்போது அவள் வந்தாள். உறையைக் கொடுத்தேன். அவள் படிகளை வெளியே எடுக்கவும் அயலவர் எட்டிப் பார்த்தார். சிரிப்பு அடங்கியது.

“பாவம், இளம் வயசு. ஆளுக்கு முப்பத்தொண்டு எப்ப, பிள்ளை?”

“என்ன முப்பத்தொண்டு?”

கேட்டுவிட்டுக் கையிலிருந்த படத்தைப் பார்த்தாள். பின்னர் மேசையிலிருந்த மாமியாரின் அட்டையைப் பார்த்தாள். இரண்டிலும் ஒரே ஒளி. அயலவரை விட்டு என்பக்கம் திரும்பினாள்.

“இவர் செத்துப்போனார் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?”

படிகளை என் முன்னே மேசையில் வைத்தாள்.

“இதை நான் கொண்டுபோய் ஒட்டிக் குடுத்தால், செத்துப்போனார் எண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரியெல்லோ? பிறகு ஆர் அவரைத் தேடுவினம்?”

துறைமுகத்திலிருந்து பீரங்கி ஒன்று குடாவுக்கு அப்பால் சுட்டது. யன்னற் கண்ணாடி அதிர்ந்து அடங்கிற்று. வாழ்நாள் முழுவதும் மாணவருக்கு வாய்மையைக் கற்பித்த நான் சொன்னேன்:

“நான் ஒண்டும் செய்யேல்லை, பிள்ளை. மெசின் தானாச் செய்துபோட்டுது.”

அவள் முகம் இளகியது. “அப்பிடியே? மெசினுக்கு ஆர் இருக்கினம், ஆர் இல்லையெண்டு என்ன தெரியும். நீங்கள் கவலைப்படாதேங்கோ மாஸ்டர்.”

அந்த விசையை நானே அழுத்தியதைச் சற்றுமுன் கண்டவர் அயலவர். மாமியாரின் அட்டையை எடுத்து, படிப்பவர்போல முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அவர் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திருத்தியதை மூலப்பதிவின் மேலேயே சேமித்திருந்தேன். ஆகையால் படத்தை மீண்டும் கேட்க நேர்ந்தது. அவள் தந்தாள், ஆனால் கதிரையை இழுத்து என் அருகில் அமர்ந்தாள்.

“புருவத்தில தூண்டில் கிழிச்ச காயம் ஒண்டு இருந்தது. பாருங்கோ, அதையும் அழிச்சுப்போட்டுது உங்கட மெசின். இனி ஒண்டும் செய்ய விடாதேங்கோ.”

“மடிப்பை மட்டும் எடுக்கட்டோ?”

“வேண்டாம். கிடக்கிறபடி கிடக்கட்டும்.”

எந்த வடிகட்டியையும் தொடாமல் நான்கு படிகளை அச்சிட்டேன். அவள் ஒவ்வொன்றிலும் புருவத்தைத் தேடிப் பார்த்து உறையிலிட்டாள். பழைய நான்கையும் கிழிக்கப் போனேன். என் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

“அவரின்ர முகத்தையே கிழிக்கிறது? ஐயோ வேண்டாம்.”

எடுத்துச் செல்லவும் அவளுக்கு மனமில்லை. அவை இன்றும் என் அலுமாரியில் உள்ளன. அவர் திரும்பி வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

அதன்பின், ஈச்சிலம்பற்றிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் வந்து தங்கியிருந்த பெண்கள், தம்மவர் படங்களோடு என்னிடம் வரத் தொடங்கினர். அவளே அவர்களை அனுப்பினாள். முதலில் வந்தவள் படத்தைக் கையைவிட்டு விடாமல் வாசலில் நின்றாள்.

“நீங்கள் நல்லவராம் மாஸ்டர். மெசின்தான் சிலநேரம் தானா ஏதோ செய்துபோடுமாம். பக்கத்தில இருந்து பாக்கச் சொல்லி அக்கா சொல்லிவிட்டவ. உண்மையே?”

மறுத்துரைக்க அப்போதும் எனக்கு வாய்ப்பு இருந்தது.

“ஓம், பிள்ளை, செய்யும்” என்று சொல்லி, அவளுக்கும் ஒரு கதிரையை எடுத்துப் போட்டேன்.