தூங்கினவர் பார்த்த வாத்துகள்

கல்யாணமாகிப் பழவேற்காட்டுக்கு வந்த வருஷம், ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் மாடியில் துணி உலர்த்தப் போனேன். ஏரியின் நடுவே கறுப்பாக ஒரு திட்டு. முந்தின நாள் இல்லாத திட்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கலைந்து எழுந்து, வானத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி தண்ணீரில் படிந்தது. வடக்கேயிருந்து வரும் காட்டு வாத்துகள் என்று மாமியார் சொன்னார். நான் ஊத்துக்கோட்டைக்காரி. சந்தையையும் மாட்டுவண்டியையும் பார்த்து வளர்ந்தவள். ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

கிட்டத்தில் போய்ப் பார்க்கவேண்டும், அதுவும் அவரோடு சேர்ந்து பார்க்கவேண்டும் என்று அன்றே ஆசை பிடித்துக்கொண்டது. எங்கள் தெருப் பெண்கள் காரியமில்லாமல் ஏரிப்பக்கம் போகமாட்டார்கள். புருஷன் கூட்டிக்கொண்டு போனால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். ஆக, எல்லாம் அவர் கையில் இருந்தது.

அவருக்கோ எறால் வியாபாரம். குப்பங்களில் வாங்கி, அவித்துக் காயவைத்து, கூடை கூடையாகப் பொன்னேரியில் ரயிலேற்றி மதராஸுக்கு அனுப்புவார். வாத்து வரும் மாதமும் எறால் படும் மாதமும் ஒன்று. விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டுப் போனால் இரவு இஷாவுக்குத்தான் முகத்தைப் பார்க்கலாம்.

"காத்து இருக்கசொல்லவே தூத்திக்கணும் புள்ள. எறால் முடியட்டும், கூட்டிகினு போறேன்."

"எறால் முடியசொல்ல வாத்தும் பூடுங்களே!"

"அப்ப அடுத்த வருஷம்."

மாமியாருக்கு என் ஆசை வேடிக்கையாக இருந்தது. "வலக்காரன்கிட்ட சொன்னா உசுரோட கொண்டாந்து குடுப்பான். அறுத்து ஆக்கித் தின்னுகினே பாரேன்" என்பார். வாத்து என்றால் அவருக்குக் கறிதான்.

நயா பைசா வந்து எல்லாரையும் குழப்பிக்கொண்டிருந்த வருஷம். ஒரு காலையில் குப்பத்தில் பெரியவர் ஒருவர் இறந்துபோனார். சாவு விழுந்தால் அன்று அங்கே யாரும் வலை எடுக்கமாட்டார்கள். துக்கம் கேட்டுவிட்டு வந்தவர் அடுப்படி வாசலில் நின்று, "இன்னிக்கு எறால் இல்ல. கெளம்பு, வாத்து பாத்துட்டு வரலாம்" என்றார். ஒரு வீட்டில் இழவு, எனக்குப் பெருநாள். அல்லாஹ் மன்னிக்கட்டும், அன்று என் கால் தரையில் பாவவில்லை.

கூடை ஏற்றுகிற சின்னப் படகு. எத்தனை கழுவினாலும் எறால் வாடை போகாது. அவரே கோல் போட்டுத் தள்ளினார். ஓரிடத்தில் கோலைச் சேற்றில் ஊன்றிப் படகை அதில் கட்டினார். "அசையாம ஒக்காரு. கொஞ்ச நேரத்துல நம்மள மறந்துட்டு அதுங்களே கிட்ட வரும்" என்று ரகசியம்போலச் சொன்னார்.

வாத்துகள் எங்களை மறப்பதற்குள் அவர் உலகத்தையே மறந்துவிட்டார். கூடையில் சாய்ந்த தலை மெல்லச் சரிந்து என் மடிக்கு வந்தது.

அப்புறம் அவை வந்தன. கழுத்தில் வெள்ளைக் கோடும் ஊசிபோல வாலுமாகச் சில. சிறகில் பச்சை மினுங்கும் சிறிசுகள் நிறைய. தலையைத் தண்ணீருக்குள் விட்டு, வாலை வானத்துக்குக் காட்டி மேய்ந்தன. கல்யாண வீட்டில் பிரியாணி தேக்சாவுக்குள் தலையை விட்டுச் சுரண்டும் எங்கள் உறவுக்காரர்கள் நினைவுக்கு வந்து, சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன். தின்றன, குளித்தன, ஒன்றையொன்று விரட்டின, வெயிலில் கண்ணை மூடிக்கொண்டு மிதந்தன. சோம்பேறிகள் என்று சொல்ல முடியாது, எவ்வளவோ தூரம் பறந்து வந்தவை. ஆனால் வந்த இடத்தில் வந்த காரியத்தை அனுபவித்தன. நமக்கு மட்டும் ஏன் அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று இருந்தது.

திடீரென்று மேலே ஒரு பெரிய பருந்து. கிழக்கே இருந்த கூட்டம் முதலில் எழுந்தது. அடுத்த நொடி ஏரி முழுக்க எழுந்தது. தார்ப்பாயை உதறியதுபோல அத்தனை இரைச்சல். எதை அவர் பார்க்கவேண்டும் என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தேனோ அது இதுதான். ஆனால் என் கை என்னைக் கேட்காமலே போய் அவர் காதைப் பொத்தியது. அப்படி ஒரு தூக்கத்தை அந்த முகத்தில் நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"எங்க வாத்து?" என்றுதான் எழுந்தார்.

"பூடுச்சுங்க."

"எழுப்பக் கூடாதா நீ?"

திரும்பும் வழியெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். கோலைத் தள்ளிக்கொண்டே கேட்டுவந்தார்.

அந்த வருஷப் பெருநாளுக்குப் பள்ளிப்பட்டிலிருந்து வந்த விருந்தாளிகளிடம் அவர் பேசுவதைக் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன். "நானும் எங்க ஊட்லயும் வாத்து பாக்கப் போயிருந்தோம். ஒரு பருந்து வந்துச்சு பாருங்க, மேக்கால இருந்த கூட்டந்தான் மொதல்ல கெளம்புச்சு."

"கெயக்கால" என்றேன், உள்ளேயிருந்து.

"உனக்கு ஞாபகமில்ல புள்ள. மேக்கால தான்."

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். தூங்கினவர் பார்த்தவளைத் திருத்துகிறார்! அப்புறம் வருஷா வருஷம் சொன்னார். ஒரு பருந்து இரண்டாயிற்று. மேற்கு மட்டும் மாறவில்லை. நாங்கள் மறுபடி போகவும் இல்லை. வியாபாரம், பிள்ளைகள், அடுத்த வருஷம். கோபமில்லை என்றால் பொய். ஆனாலும் அவர் அந்தக் கதையை ஆரம்பித்தால் போதும், கையில் எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டுக் கதவோரம் வந்துவிடுவேன்.

அவர் மவுத்தாகி இது எத்தனையாவது ஐப்பசியோ. வாத்துகள் வந்திருக்கின்றன. நேற்று மாடியில் மருமகளிடம் அந்தக் கதையைச் சொன்னேன். கிழக்கே இருந்த கூட்டம்தான் முதலில் எழுந்தது என்றேன்.

"அப்டிங்களா மாமி" என்று அவள் துணியைப் பிழிந்தாள்.

இல்லை என்று சொல்ல யாருமில்லை. அவள் பிழிந்த துணியை வாங்கிக் கொடியில் போட்டேன். பிறகு நானே சொன்னேன்:

"இல்லம்மா. மேக்கால தான்."