பெரிய வெள்ளியில் அணைத்த விளக்கு

சுதந்திரம் வந்த மறுவருஷம் திருமழபாடிப் பக்கம் பெரியம்மை கண்டிருந்தது. கொள்ளிடக் கரையோரத்துக் கன்னியர் மருந்தகத்துக்கு அம்மை குத்தும் மருந்து அரியலூர் ஸ்டேஷனிலிருந்து ஐஸில் பொதிந்து வந்து, குளிர்பெட்டிக்குள் இருந்தது. ஈஸ்டர் முடிந்ததும் பிள்ளைகளுக்குக் குத்தவேண்டும். அங்கே பெருக்கித் துடைக்கும் தெரசம்மாளின் கடைக்குட்டி அமுதாவுக்கும் இனிமேல்தான்.

பெட்டிக்கு அடியில் சீமையெண்ணெய் விளக்கொன்று எப்போதும் எரியும். பெரிய வெள்ளியன்று ஆண்டவர் மரித்த துக்கத்துக்குக் கோயில் விளக்கெல்லாம் அணைந்திருக்க, இது மட்டும் எரிவது தெரசம்மாளுக்குப் பொறுக்கவில்லை. சிலுவை போட்டுக்கொண்டு ஊதி அணைத்தாள்.

சிலுவைப்பாதை முடிந்து வந்த கம்பவுண்டர் தேவசகாயம் பெட்டியைத் திறந்தார். உள்ளே தண்ணீர் சொட்டியது.

"யாரு விளக்க அணச்சது?"

"நாந்தாங்க. பெரிய வெள்ளியாச்சேன்னு..."

"அட மகராசி! அந்த நெருப்புதான் பெட்டியக் குளுர வக்கிது. மருந்து செத்துரும்!"

"நெருப்பு எங்கயாச்சும் குளுர வக்குமாங்க?"

"அத செஞ்சவனப் போயிக் கேளு."

தெரசம்மாளுக்கு அமுதாவின் முகம் கண்முன் வந்து நின்றது.

விளக்கை ஏற்றியபடியே அவர் சொன்னார்: "பெட்டி திரும்பக் குளுர விடிஞ்சிரும். வேட்டுக்கார பஞ்சநாதன்கிட்ட வெடியுப்பு வாங்கிட்டு ஓடியா. தண்ணியில கரச்சா சில்லுன்னு ஆயிரும்."

ஓடினாள். பஞ்சநாதன் சிரித்தான். "என்னக்கா, ஆண்டவரு எழுந்திரிக்க முந்தியே வேட்டா?"

"புள்ளைங்க உசுருடா, குடு!"

உப்பைப் பானைத் தண்ணீரில் கரைத்ததும் பானை வேர்த்தது. மருந்துக் குழல்களை எண்ணெய்த்துணியில் சுற்றி உள்ளே இறக்கினார்கள். பெட்டி குளிரும்வரை ஜெபமாலையும் கையுமாக அவள் பானையருகிலேயே கிடந்தாள். மருந்தகத்தில் எந்நேரமும் ஒரு மூட்டை வெடியுப்பு இருக்கவேண்டும் என்று தேவசகாயம் மறுநாளே ஏற்பாடு செய்தார்.

பிள்ளைகளுக்குக் குத்தினார்கள். "மருந்து உசுரோட இருந்தா குத்துன எடம் எழும்பும்" என்றார் அவர். எழும்பாவிட்டால் மருந்து செத்துவிட்டது என்பது அவளுக்கு விளங்கியது. எதிர்வீட்டு ஆண்டாயி வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. அமுதாவின் கை வழவழவென்றே இருந்தது. தூங்குகிற பிள்ளையின் கையைத் தடவித் தடவிப் பார்த்து அழுதாள்.

ஒருநாள் காலை, "அம்மா, கை வலிக்குது!" என்று அமுதா வீறிட்டாள். குத்திய இடம் சிவந்து, நடுவில் முத்தாக எழும்பியிருந்தது. தெரசம்மாள் அந்தக் கையில் முத்தமிட்டாள். பிறகு, குத்திக்கொண்ட மற்றப் பிள்ளைகளின் கையைப் பார்க்கத் தெருவில் இறங்கினாள்.